கதவை மூடாமல் ஆளை மாற்றுவது: சர்வரை நிறுத்தாமல் ரீஸ்டார்ட் செய்யும் வழி

கல்லூரிச் சேர்க்கை விண்ணப்பத்துக்கு அன்று கடைசி நாள். மாலையில் ஒரு சின்னப் பிழையைத் திருத்தி, புதிய நிரலை ஏற்றி, சர்வரை ரீஸ்டார்ட் செய்தோம். தளம் நின்றது மொத்தமே 12 நொடி. மறுநாள் காலை ஒரு மாணவியின் அப்பா தொலைபேசியில் அழைத்தார். வங்கிக் கணக்கிலிருந்து பணம் போய்விட்டது, விண்ணப்ப எண் வரவில்லை, திரையில் 502 என்ற பிழை எண்ணைக் காட்டிவிட்டு நின்றுவிட்டது என்றார். பதிவுக் கோப்பைத் திறந்து பார்த்தேன். பணம் கட்டியாயிற்று என்று கட்டண நிறுவனம் எங்கள் சர்வருக்குச் சொல்ல வந்த நேரம், சரியாக அந்த 12 நொடிக்குள் இருந்தது. சொல்ல வந்தவருக்குக் கதவு திறக்கவில்லை.

அந்தத் தொலைபேசி அழைப்புக்குப் பிறகுதான் இந்த வேலையை நான் ஒழுங்காகக் கற்றுக்கொண்டேன். புதிதாக ஒரு சர்வரைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு உங்கள் கைக்கு வந்திருந்தால், முதல் வாரத்திலேயே இதைச் செய்து வைத்துவிடுங்கள்.

இங்கே நான் எடுத்துக்கொள்வது மிகப் பரவலான ஓர் அமைப்பு. உபுண்டு லினக்ஸ் ஓடும் ஒரே ஒரு கணினி. முன்வாசலில், உலாவியிலிருந்து வரும் கோரிக்கைகளை வாங்கிப் பின்னால் அனுப்பும் என்ஜின்எக்ஸ். அதற்குப் பின்னால், பைத்தான் நிரல்களை ஓட்டும் குனிகார்ன், அதற்குள் ஜாங்கோ என்ற வலைக் கட்டமைப்பில் எழுதிய பைத்தான் நிரல். என்ஜின்எக்ஸும் குனிகார்னும் பேசிக்கொள்வது ஒரு யூனிக்ஸ் சாக்கெட் கோப்பின் வழியாக, அதாவது ஒரே கணினியில் ஓடும் நிரல்கள் இணைந்துகொள்ளும் வாசலாக இருக்கும் கோப்பு. குனிகார்னைத் தொடங்குவதும் நிறுத்துவதும், லினக்ஸில் சேவைகளை நிர்வகிக்கும் சிஸ்டம்டி. உங்களுடையது வேறு மொழி, வேறு சர்வர் என்றாலும் அடிப்படை இதேதான், பெயர்கள்தான் மாறும்.

முதலில், உடைவதைக் கண்ணால் பாருங்கள்

சோதனைக் கணினி ஒன்றில் மூன்று டெர்மினல்களைத் திறந்துகொள்ளுங்கள். ஜாங்கோவில் ஒரு மெதுவான பக்கத்தை எழுதி வையுங்கள்: 10 நொடி தூங்கிவிட்டு "முடிந்தது" என்று மட்டும் சொல்லும் பக்கம். முதல் டெர்மினலில் கர்ல் கட்டளையை ஒரு வைல் சுற்றுக்குள் போட்டு, 0.2 நொடிக்கு ஒருமுறை முகப்புப் பக்கத்தைக் கேட்டு, பதிலின் எண்ணை மட்டும் அச்சிடச் சொல்லுங்கள். பக்கம் சரியாகக் கிடைத்தது என்று பொருள்படும் எண், 200, 200, 200 என்று வரிசையாக இறங்கிக்கொண்டிருக்கும். இரண்டாவது டெர்மினலில் அந்த மெதுவான பக்கத்தை ஒருமுறை கேளுங்கள். அது தூங்கிக்கொண்டிருக்கும்போதே மூன்றாவது டெர்மினலில் சிஸ்டம்டியின் கட்டளையான சிஸ்டம்சிடிஎல் மூலம் குனிகார்னை ரீஸ்டார்ட் செய்யுங்கள்.

இப்போது முதல் டெர்மினலைப் பாருங்கள். 200 நின்று 502 கொட்டத் தொடங்கும், அதுவும் ஏறக்குறைய 10 நொடிக்கு. பின்னால் இருக்கும் நிரலிடமிருந்து பதில் பெற முடியவில்லை என்று முன்வாசல் சொல்லும் எண் அது. ஆனால் இரண்டாவது டெர்மினலில் கேட்ட மெதுவான பக்கம் எந்தச் சேதமும் இல்லாமல் "முடிந்தது" என்று வந்து சேரும்.

நான் முதலில் இதைப் பார்த்துக் குழம்பிப்போனேன். அவ்வளவு மரியாதையாக வேலையை முடித்துவிட்டு நிற்கும் நிரல், மற்றவர்களை ஏன் விரட்டுகிறது? அந்த 10 நொடிக்குள் சாக்கெட் கோப்பு இருக்கும் அடைவில், கோப்புகளைப் பட்டியலிடும் எல்எஸ் கட்டளையைப் போட்டுப் பாருங்கள், விடை கிடைத்துவிடும். கோப்பே அங்கே இருக்காது. நிற்கச் சொன்னதும் குனிகார்ன் முதலில் செய்வது, தான் காதுகொடுத்துக்கொண்டிருந்த சாக்கெட்டை மூடி, கோப்பையும் அழிப்பது. அதன் பிறகுதான் உள்ளே இருப்பவர்கள் முடிக்கக் காத்திருக்கிறது. புதிய குனிகார்ன் எழுந்து மறுபடி அந்தக் கோப்பை உருவாக்கும் வரை என்ஜின்எக்ஸுக்குப் போய்ச் சேர இடம் இல்லை.

ஆக, வேலை இரண்டு. உள்ளே வந்துவிட்டவர் தன் காரியத்தை முடித்துப் போக வேண்டும். வெளியே வந்துகொண்டிருப்பவருக்குக் கதவு திறந்தே இருக்க வேண்டும். முதலாவதை மட்டும் செய்துவிட்டு "எங்கள் சர்வர் பக்குவமாகத்தான் நிற்கிறது" என்று நம்பிக்கொண்டிருப்பவர்கள் நிறைய. தளம் விழுவது இரண்டாவதைக் கவனிக்காததால்தான்.

சிக்னல்கள்: நான்கு தெரிந்தால் போதும்

லினக்ஸில் ஓடிக்கொண்டிருக்கும் நிரலுக்கு, அதாவது பிராசஸுக்கு, சிக்னல் என்ற சிறு செய்தியைச் சொல்ல கில் என்ற கட்டளை இருக்கிறது. பெயரைக் கேட்டுப் பயப்பட வேண்டாம், அது கொல்வதற்கு மட்டுமான கட்டளை அல்ல. சிக்னல் அனுப்பும் கட்டளை.

15ஆம் எண் டெர்ம். "முடித்துக்கொள்" என்று கேட்பது. நிரல் அதைப் பிடித்து, கையிலுள்ள வேலையை முடித்துவிட்டு நிற்கலாம். 9ஆம் எண் கில். இதை எந்த நிரலாலும் பிடிக்க முடியாது. இயங்குதளத்தின் மையமான கெர்னல் அந்த நொடியே ஆளைத் தூக்கிவிடும். பாதி எழுதிய கோப்பு பாதியிலேயே கிடக்கும். யாராவது பழக்கதோஷத்தில் ஒன்பது போடுவதைப் பார்த்தால் தயவுசெய்து தடுத்துவிடுங்கள்.

1ஆம் எண் ஹப். ஹேங்அப் என்பதன் சுருக்கம். மோடம் வழியாகத் தொலைபேசிக் கம்பியில் டெர்மினல் இணைந்திருந்த காலத்தில், இணைப்பு அறுந்ததைச் சொல்ல வந்த சிக்னல் அது. பின்னணியில் ஓடும் சர்வர் நிரல்களுக்கு டெர்மினலே கிடையாது என்பதால், அந்தச் சும்மா கிடந்த சிக்னலை "அமைப்புக் கோப்பை மறுபடி படி" என்று சொல்லப் பயன்படுத்திக்கொண்டார்கள். இன்றும் நாம் ரீலோட் என்று சொல்லும்போது பெரும்பாலும் பின்னால் போவது இதுதான்.

3ஆம் எண் க்விட். இங்கேதான் ஒரு குழி இருக்கிறது. என்ஜின்எக்ஸில் க்விட் என்றால் பக்குவமாக நிற்பது, டெர்ம் என்றால் உடனே நிற்பது. குனிகார்னில் நேர்மாறு: டெர்ம்தான் பக்குவமானது, க்விட் உடனடியானது. ஒரே கணினியில் அக்கம்பக்கத்தில் ஓடும் இரண்டு நிரல்கள், ஒரே சிக்னலுக்கு எதிரெதிர்ப் பொருள். கையால் சிக்னல் அனுப்பும் பழக்கம் உள்ளவர்கள் இதைச் சுவரில் எழுதி ஒட்டிக்கொள்ளலாம்.

குனிகார்னை ரீலோட் செய்வது

குனிகார்ன் ஒற்றை ஆள் அல்ல. மாஸ்டர் என்று ஒரு பிராசஸ், அதன் கீழே பல வொர்க்கர்கள். சாக்கெட்டைத் திறந்து வைத்திருப்பது மாஸ்டர். கோரிக்கைகளை எடுத்து வேலை பார்ப்பது வொர்க்கர்கள். மாஸ்டருக்கு ஹப் அனுப்பினால் அது அமைப்பைத் திரும்பப் படித்து, புதிய நிரலோடு புதிய வொர்க்கர்களை எழுப்பி, பழையவர்களிடம் "கையிலிருப்பதை முடித்துக் கிளம்புங்கள்" என்று சொல்லும். இந்த நேரம் முழுக்க மாஸ்டர் அசையாமல் இருப்பதால் கதவு மூடுவதே இல்லை.

குனிகார்னை எப்படி ஓட்டுவது என்று சிஸ்டம்டிக்குச் சொல்லும் சர்வீஸ் கோப்பில் எக்ஸெக்ரீலோட் என்ற வரியைச் சேர்த்து, முதன்மைப் பிராசஸுக்கு ஹப் அனுப்பும்படி எழுதுங்கள். கில்மோட் என்பதை மிக்ஸ்டு என்று வையுங்கள். அப்போதுதான் நிறுத்தும்போது டெர்ம் சிக்னல் மாஸ்டருக்கு மட்டும் போகும், வொர்க்கர்களை மாஸ்டர் தன் கணக்கில் பார்த்துக்கொள்ளும். டீமன்-ரீலோட் கொடுத்து சிஸ்டம்டிக்கு மாற்றத்தைத் தெரியப்படுத்திவிட்டு, அதே மூன்று டெர்மினல் சோதனையைத் திரும்பச் செய்யுங்கள். இந்த முறை ரீஸ்டார்டுக்குப் பதிலாக ரீலோட். முதல் டெர்மினலில் 200 ஒன்றுகூடத் தவறாது. இதை முதன்முதலில் பார்த்தபோது எனக்கு வந்த நிம்மதி இப்போதும் நினைவிருக்கிறது.

சரி, இதோடு முடிந்ததா என்றால் இல்லை. ரீலோடில் ஆளைக் கவிழ்க்கும் இடங்கள் சில உண்டு.

மிக ஆபத்தானதை முதலில் சொல்கிறேன். புதிய நிரலில் இம்போர்ட் பிழையோ இலக்கணப் பிழையோ இருந்தால், புதிய வொர்க்கரால் எழவே முடியாது. அப்போது குனிகார்ன் பழையவர்களை வைத்துச் சமாளிக்காது. வொர்க்கர் எழவில்லை என்று பதிவில் எழுதிவிட்டு, மாஸ்டரும் சேர்ந்து நின்றுவிடும். ஒரு காற்புள்ளி விட்டுப்போனதற்கு முழுத் தளமும் விழும். அதனால் ரீலோடுக்கு முன்னால் செக்-கான்ஃபிக் என்ற விருப்பத்தோடு குனிகார்னைத் தனியாக ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். அது நிரலை ஏற்றிப் பார்த்து, முடியாவிட்டால் பிழையோடு திரும்பும். ஜாங்கோவின் செக் கட்டளையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இரண்டும் தேறினால்தான் ரீலோட் என்று உங்கள் ஸ்கிரிப்டில் எழுதிவிடுங்கள், மனித ஞாபகத்தை நம்ப வேண்டாம்.

அடுத்தது ப்ரீலோட். நினைவகம் மிச்சமாகும் என்று நிரலை மாஸ்டரிலேயே ஏற்றிவிட்டு வொர்க்கர்களைப் பிரிக்கும் அமைப்பு இது. இதைப் போட்டிருந்தால் ஹப் அனுப்பினாலும் புதிய நிரல் வராது. மாஸ்டரின் நினைவில் இருக்கும் பழைய நிரலிலிருந்தே புதிய வொர்க்கர்கள் பிறப்பார்கள். "ரீலோட் செய்தேன், எந்தப் பிழையும் இல்லை, ஆனால் மாற்றம் தெரியவில்லை" என்று யாராவது சொன்னால் நான் முதலில் கேட்பது இதைத்தான்.

நிரலுக்கு வெளியிலிருந்து கொடுக்கும் மதிப்புகளான சூழல் மாறிகளும் அப்படித்தான். தரவுத்தளக் கடவுச்சொல்லைச் சூழல் கோப்பில் மாற்றிவிட்டு ரீலோட் செய்தால் பழைய கடவுச்சொல்லோடுதான் ஓடும். மாஸ்டர் பிறந்தபோது சிஸ்டம்டி கொடுத்த மாறிகள்தான் கடைசி வரை. குனிகார்னின் புதிய பதிப்பு, பைத்தானின் புதிய பதிப்பு இவற்றுக்கும் மாஸ்டரே மாற வேண்டும்.

அப்படியானால் ரீஸ்டார்ட் செய்தே ஆக வேண்டிய நாட்கள் வரும். அந்த நாட்களுக்கு என்ன செய்வது?

கதவைச் சிஸ்டம்டியிடம் ஒப்படைத்தல்

சாக்கெட் யூனிட் என்ற வசதி சிஸ்டம்டியில் இருக்கிறது. சாக்கெட்டைத் திறந்து வைத்திருக்கும் பொறுப்பை சிஸ்டம்டி எடுத்துக்கொண்டு, திறந்த நிலையிலேயே அதைக் குனிகார்னிடம் கைமாற்றிக் கொடுக்கும். குனிகார்ன் நின்றாலும் சாக்கெட் மூடாது, ஏனென்றால் அது குனிகார்னின் சொத்து அல்ல. அந்த இடைவெளியில் வந்து சேரும் இணைப்புகளைக் கெர்னல் ஒரு வரிசையில் நிறுத்தி வைக்கும். புதிய குனிகார்ன் எழுந்ததும் வரிசையிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்துக்கொள்ளும்.

செய்முறை எளிது. சர்வீஸ் கோப்புக்குப் பக்கத்தில் அதே பெயரில், சாக்கெட் என்ற பின்னொட்டோடு ஒரு கோப்பு. அதில் லிசன்ஸ்ட்ரீம் என்ற வரியில் சாக்கெட்டின் பாதை. சாக்கெட்யூசர் என்ற வரியில் என்ஜின்எக்ஸ் ஓடும் பயனரின் பெயர். சர்வீஸ் கோப்பில் ரிக்வயர்ஸ் வரியில் இந்தச் சாக்கெட்டைக் குறிப்பிடுங்கள். குனிகார்னைத் தொடங்கும் கட்டளையில் பைண்ட் என்று தனியாக முகவரி கொடுத்திருந்தால் எடுத்துவிடுங்கள். சிஸ்டம்டி தரும் சாக்கெட்டை அது தானாகவே கண்டுகொள்ளும். பிறகு சாக்கெட் யூனிட்டை எனேபிள் செய்து தொடங்கிவிடுங்கள்.

மறுபடி மூன்று டெர்மினல். இந்த முறை வேண்டுமென்றே ரீஸ்டார்ட். 200, 200 என்று ஓடிக்கொண்டிருக்கும் வரிசை சட்டென்று நிற்கும். ஒரே ஒரு கோரிக்கை 10 நொடி போலக் காத்திருக்கும். அப்புறம் அதற்கும் 200 வந்து, மறுபடி ஓடத் தொடங்கும். 502 இல்லை. பயனருக்குப் பக்கம் கொஞ்சம் தாமதமாக வந்தது போலத்தான் தெரியும்.

இங்கே இரண்டு கால அளவுகள் ஒன்றோடொன்று ஒத்துப்போக வேண்டும். பழைய வொர்க்கர்கள் முடிக்கக் குனிகார்ன் காத்திருக்கும் நேரம் இயல்பாக 30 நொடி. சிஸ்டம்டி பொறுமையாக இருக்கும் நேரம் டைம்அவுட்ஸ்டாப்செக் என்பதில் இருக்கிறது. இயல்பாக 90 நொடி. அது தீர்ந்ததும் ஒன்பதாம் சிக்னல்தான். எங்கிருந்தோ நகலெடுத்த சர்வீஸ் கோப்பில் இதை 5 நொடி என்று வைத்திருப்பதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். அங்கே குனிகார்ன் 30 நொடி காத்திருக்க நினைத்தும் பயனில்லை. வெளியே இருப்பது உள்ளே இருப்பதைவிட எப்போதும் பெரிதாக இருக்கட்டும்: 30க்கு 40 என்பது போல.

முன்வாசல்

என்ஜின்எக்ஸ் இந்த விஷயத்தில் மிக நல்ல பிள்ளை. ரீலோட் சொன்னதும் மாஸ்டர் புதிய அமைப்பைச் சோதித்துப் பார்க்கும்; தவறிருந்தால் பழைய அமைப்போடே தொடரும். இருந்தாலும் டி என்ற விருப்பத்தோடு ஒருமுறை சோதித்துவிட்டு ரீலோட் செய்வதே நல்ல பழக்கம். ரீலோட் செய்தவுடன், ஓடும் பிராசஸ்களைப் பட்டியலிடும் பிஎஸ் கட்டளையில் பாருங்கள். பழைய வொர்க்கர்களின் பெயருக்குப் பக்கத்தில் "ஈஸ் ஷட்டிங் டவுன்" என்று எழுதியிருக்கும். தன்னிடம் உள்ள கடைசி இணைப்பு முடிந்ததும் ஒவ்வொன்றாக மறையும்.

வெப்சாக்கெட் போன்ற நீண்ட இணைப்புகள் இருந்தால் அவை மணிக்கணக்கில் மறையாமலும் கிடக்கலாம். ஒரே நாளில் பலமுறை ரீலோட் செய்தால் பழைய வொர்க்கர்கள் அடுக்கடுக்காகச் சேர்ந்து நினைவகத்தைத் தின்னும். வொர்க்கர் ஷட்டவுன் டைம்அவுட் என்ற அமைப்பு 1.11.11 பதிப்பிலிருந்து இருக்கிறது. அதில் ஓர் உச்சவரம்பு வையுங்கள். இணைப்பு அறுந்தால் தானாகத் திரும்ப இணையும்படி உலாவிப் பக்க நிரலை எழுதுவது இதற்கு இணையான கடமை.

இரண்டு நிரல்கள், ஒரே தரவுத்தளம்

ரீலோட் நடக்கும் சில நொடிகள் பழைய நிரலும் புதிய நிரலும் ஒரே நேரத்தில் ஓடுகின்றன. இதை மறந்தால் மேலே செய்த அத்தனையும் வீண்.

பயனர் அட்டவணையில் "தொலைபேசி" என்ற பத்தியை "கைபேசி" என்று மாற்றுகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். தரவுத்தள அமைப்பை மாற்றும் மைக்ரேஷனை ஓட்டிய அந்தக் கணமே பழைய வொர்க்கர்கள் "தொலைபேசி" எங்கே என்று தேடிப் பிழை கொடுக்கும். ஜாங்கோ எல்லாப் பத்திகளையும் பெயர் சொல்லிக் கேட்பதால், அந்த எண்ணைக் காட்டாத பக்கம்கூட உடையும். எனவே பெயர் மாற்றம் என்பதை ஒரே அடியில் செய்யாதீர்கள். முதல் வெளியீட்டில் "கைபேசி" பத்தியைச் சேர்த்து, இரண்டிலும் எழுதுங்கள். பழைய தரவை நகர்த்துங்கள். அடுத்த வெளியீட்டில் புதியதிலிருந்து மட்டும் படியுங்கள். அது நிலைத்த பிறகு பழையதில் எழுதுவதை நிறுத்தி, அட்டவணையை ஜாங்கோவுக்கு விவரிக்கும் மாடலிலிருந்தும் எடுத்துவிடுங்கள். பத்தியையே நீக்குவது அதற்கும் அடுத்த வெளியீட்டில். நான்கு நாள் வேலையாகத் தோன்றும். ஒவ்வொரு நாளும் ஐந்து நிமிடம்தான்.

புதிய பத்தியைச் சேர்ப்பதிலும் ஒரு நுணுக்கம். காலியாக இருக்கக் கூடாது என்ற கட்டுப்பாட்டோடு சேர்த்தால், அந்தப் பத்தியையே அறியாத பழைய நிரல் புதிய வரிசையைச் சேர்க்க முயலும்போது தோற்கும். மாடலில் டிஃபால்ட் கொடுத்திருந்தாலும் அது பைத்தான் பக்கத்தில்தான் இருக்கிறது, தரவுத்தளத்தில் இல்லை. ஜாங்கோ 5.0இல் வந்த டிபி டிஃபால்ட் இதற்காகவே பயன்படும். அதற்கு முந்தைய பதிப்பில் இருப்பவர்கள், முதலில் காலியாக இருக்கலாம் என்று சேர்த்துவிட்டுப் பிறகு இறுக்குங்கள்.

நிரல் கோப்புகளையும் ஓடிக்கொண்டிருக்கும் அடைவின் மேலேயே கொட்டாதீர்கள். பழைய வொர்க்கர் தாமதமாக ஒரு மாட்யூலை இம்போர்ட் செய்யும்போது பாதி பழசும் பாதி புதுசுமாகக் கலந்துவிடும். ஸ்டைல், ஸ்கிரிப்ட் கோப்புகளில் பழையவற்றையும் சில நாள் விட்டு வையுங்கள். பத்து நிமிடத்துக்கு முன் திறந்த பக்கம் பழைய பெயரைத்தான் கேட்கும்.

கன்டெய்னரில் ஓட்டுபவர்களுக்கு

நிரலைத் தனிப் பெட்டியாக, அதாவது கன்டெய்னராக, ஓட்டும் டாக்கரில் ஸ்டாப் கட்டளை இயல்பாக 10 நொடிதான் பொறுக்கும், பிறகு ஒன்பதாம் சிக்னல். அதைவிட முக்கியமானது, தொடங்கும் கட்டளையை டாக்கர்ஃபைலில் வெறும் வரியாக எழுதினால் முதல் பிராசஸாக ஷெல் உட்கார்ந்துவிடும், டெர்ம் சிக்னல் உங்கள் நிரலைச் சென்றடையாமலே போகலாம். நிரல் 10 நொடி எதுவும் அறியாமல் இருந்துவிட்டு வெட்டுப்படும். கட்டளையைப் பட்டியல் வடிவில் எழுதுங்கள். ஷெல் ஸ்கிரிப்ட் தேவைப்பட்டால் கடைசி வரியில் எக்ஸெக் போடுங்கள்.

பல கணினிகளில் கன்டெய்னர்களை நிர்வகிக்கும் குபர்நெட்டிஸில் வேறொரு சிக்கல். பாட் என்ற கன்டெய்னர் அலகை நிறுத்தும்போது டெர்ம் அனுப்புவதும், அந்தப் பாடின் முகவரியைப் பட்டியலிலிருந்து எடுப்பதும் ஒரே நேரத்தில் தொடங்குகின்றன. முகவரி நீங்கிய செய்தி எல்லா இடத்துக்கும் போய்ச் சேரும் முன்பே உங்கள் நிரல் கதவை மூடிவிட்டால், வந்துகொண்டிருந்த கோரிக்கைகள் விழும். டெர்ம் போவதற்கு முன் ஓடும் ப்ரீஸ்டாப் என்ற இடத்தில் 5 அல்லது 10 நொடி சும்மா தூங்கச் சொல்வதே இதற்கு எல்லோரும் செய்யும் வழி. அந்தத் தூக்கமும் இயல்பான மொத்தப் பொறுமை நேரமான 30 நொடிக்குள்தான் கழிகிறது என்பதைக் கணக்கில் வையுங்கள்.

இப்போது நான் வெளியீட்டு நாளில் செய்யும் வரிசை இது. புதிய அடைவில் நிரலை இறக்கி, சோதனைக் கட்டளைகளை ஓட்டுவேன். பழைய நிரலை உடைக்காத மைக்ரேஷனை மட்டும் ஓட்டுவேன். பக்கத்து டெர்மினலில் 200 இறங்கிக்கொண்டிருக்க, சாதாரண மாற்றம் என்றால் ரீலோட், சூழல் மாறியோ பதிப்போ மாறினால் சாக்கெட் யூனிட்டைத் தொடாமல் சர்வீஸை மட்டும் ரீஸ்டார்ட். பிறகு என்ஜின்எக்ஸ் பதிவில் கடைசி ஐந்து நிமிடத்தில் 502 ஏதும் உண்டா என்று தேடுவேன். இதையெல்லாம் இப்போது மதியம் பன்னிரண்டு மணிக்கு, ஆட்கள் தளத்தில் இருக்கும்போதே செய்கிறேன். பிஎஸ் பட்டியலில் பழைய வொர்க்கர் ஒன்றுகூட மிச்சமில்லை என்று தெரிந்த பிறகுதான் கர்ல் சுற்றை நிறுத்துவேன்.